பரணிலிருந்து இறங்கிய விறகு

சாரல்மலைத் தோட்டம்,
ஹல்துமுல்லை.
1923 ஒக்டோபர் 21

சௌபாக்கியவதி தனத்துக்கு,

இங்கே நான் சுகம். உன் சுகமும், குழந்தை புஷ்பத்தின் சுகமும், மாமா அத்தை சுகமும் அறிய ஆவலாயிருக்கிறேன். ஆடி மாதம் "பத்து நாள் அப்பா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன்" என்று பதுளைக்குப் போனாய். இன்றோடு மூன்று மாதம். நான் நாள் எண்ணுவதில்லை என்று எழுத நினைத்தேன். எண்ணாமல் இருந்தால் மூன்று மாதம் என்று எப்படித் தெரியும் என்று நீ கேட்பாய்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. காட்டிலிருந்து வரும் விறகைப் பிழிந்தால் ஒரு செம்பு தண்ணீர் எடுக்கலாம். நம் ஃபேக்டரியின் புது இஞ்சின்தான் உனக்குத் தெரியுமே. உலைக்குள் விறகை மூடிப் புகையவிட்டு, அதில் வரும் காஸைக் குடித்துத்தான் அது ஓடும். ஈர விறகு போட்டால் காஸோடு தாரும் வந்து வால்வில் அப்பிக்கொள்கிறது. இந்த வாரம் இரண்டு தடவை நின்றுவிட்டது. அரைத்த கொழுந்தெல்லாம் கிடந்து புளித்துப்போயிற்று. தேயிலை பதம் பார்க்கும் டீமேக்கர் ஐயா இஞ்சின் டிரைவரான என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

சமையல் நானேதான். நான் சுட்ட ரொட்டியை ஃபேக்டரி நாய் மோந்து பார்த்துவிட்டுப் போகிறது. விறகு சுமக்கும் பூவம்மா தினமும் "டிரைவரம்மா எப்ப வராங்க?" என்று கேட்கிறாள். அவளுக்கு என்ன சொல்வது?

நம் வீட்டு அடுப்புப் பரணில் ஃபேக்டரி ஈர விறகு காய அடுக்கித்தான் இருக்கிறது. எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது. அதில் நான் ஒன்றும் செய்வதற்கில்லை, துரை உத்தரவு. மனதில் வைத்துக்கொள்ளாமல் தீபாவளிக்காவது வந்துவிடு.

உன்மேல் பிரியமுள்ள,
ராமாமிர்தம்

---

பதுளை,
ஐப்பசி 14

புஷ்பத்தின் அப்பாவுக்கு, தனலெட்சுமி வணக்கமாய் எழுதிக்கொண்டது.

கடிதம் கிடைத்தது. கொடுத்தனுப்பிய கித்துள் மரத்துக் கருப்பட்டியும் கிடைத்தது. அப்பா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு "மாப்பிள்ளைக்கு நம்மேல் கோபமில்லை" என்றார்.

புஷ்பம் தவழுகிறாள். அப்பாவின் கடையில் அரிசி மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டு எங்களைத் தேட வைக்கிறாள். இங்கே வந்து இரண்டாவது வாரத்திலேயே இருமல் நின்றுவிட்டது. அங்கே அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி போல ஒரு சத்தம் கேட்குமே, அது இப்போது இல்லை.

அதனால்தான் தீபாவளிக்கு வரமாட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம். பரணில் ஈர விறகு இருக்கும்வரை இந்தக் குழந்தையை அந்த வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனம் வராது. அடுப்பை மூட்டினால் புகைக்கு மேலே வழியில்லை, விறகு அடைத்துக்கொள்கிறது. விறகின் ஈரம் ஆவியாகிச் சுவரெல்லாம் வழிகிறது. அந்தப் புகையில்தான் நம் மூத்தவள் ஜெயலெட்சுமி போன கார்த்திகையில் இருமி இருமிப் போனாள். இரண்டு வயது நிறையவில்லை. புகைதான் என்று எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை. எழுதித் தந்துதான் எனக்குத் தெரிய வேண்டுமா? அன்றைக்கு "நம் பரணிலிருந்து மட்டுமாவது இறக்கச் சொல்லுங்கள்" என்று உங்களிடம் அழுதேன். "எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது" என்றீர்கள். இந்தக் கடிதத்திலும் அதையே எழுதியிருக்கிறீர்கள்.

சண்டைக்காக எழுதவில்லை. வேறு பேச்சு பேசுகிறேன். இங்கேயும் மழைதான். குழந்தையின் துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. அங்கே என்றால் இஞ்சின் புகை வெளியே போகும் அந்தப் பெரிய இரும்புக் குழாய்மேல் விரித்துப்போட்டால் நீங்கள் சாப்பிட்டு முடிப்பதற்குள் காய்ந்துவிடும். நீங்கள் பார்த்துவிட்டு "இது என்ன வண்ணான் துறையா?" என்று திட்டினீர்கள். திட்டு வாங்கினாலும் துணி காய்ந்தது.

பூவம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்கள். புஷ்பம் பிறந்தபோது மூன்று நாள் என் பக்கத்தைவிட்டு நகராமல் இருந்தவள். அதை மறக்கமாட்டேன்.

இப்படிக்கு,
தனலெட்சுமி

---

சாரல்மலை,
1923 நவம்பர் 6

பிரியமுள்ள தனம்,

உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் இரண்டாவது பாதியைப் படித்தேன். படித்ததும் கடிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நேரே அந்தக் குழாயிடம் போனேன்.

துணி காயுமென்றால் விறகு ஏன் காயாது? எனக்கு ஏன் இது தோன்றவில்லை? எட்டு வருஷம் கொழும்புப் பட்டறையில் வேலை பழகியவன், இரண்டு வருஷமாக அந்தக் குழாயின் பக்கத்தில் நிற்கிறேன். இஞ்சின் குடிக்கும் காஸில் பெரும்பங்கு சூடாகவே வெளியே போய் மழையில் வீணாகிறது. அது எனக்குத் தெரியும். கண்ணெதிரே இருந்தது.

பத்து றாத்தல் நிறையுள்ள ஒரு கட்டையைக் குழாய்மேல் கம்பியால் கட்டி வைத்தேன். இரண்டாம் நாள் மாலை தராசில் போட்டேன். ஆறரை றாத்தல்! மூன்றரை றாத்தல் தண்ணீர் போயிருக்கிறது, தனம். அந்தக் கட்டையை உலையில் போட்டபோது இஞ்சின் ஒரு தடவைகூட இருமவில்லை.

ஆபீஸ் பெரிய கிளாக்கர் லிங்கத்தைக் கூட்டிக்கொண்டு துரையிடம் போனேன். லிங்கம் இங்கிலீஷில் சொன்னார். துரை கட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். "செய்து பார். என் இஞ்சின் மட்டும் நிற்கக்கூடாது" என்றார். ஃபேக்டரியின் பின்பக்கம் கல்லும் மண்ணும் வைத்து ஒரு அறை கட்டுகிறேன். உள்ளே விறகை அடுக்கி, இஞ்சின் புகைக்குழாயை அறைக்குள் தரையோடு நீளமாக ஓடவிட்டு, மறுபக்கச் சுவர் வழியாக வெளியே விட வேண்டும். அதற்குக் குழாய் வேண்டும். மாமாவின் கடைக்குப் பின்னால் பழைய கொதிகலன் குழாய்கள் கிடந்தனவே, அவற்றைக் கொடுப்பாரா என்று கேள். விறகு காய இந்தச் சூட்டு ரூம்பு ஓடினால் எந்தப் பரணிலும் விறகு இருக்காது.

இது உன் யோசனை. துரையிடம் அப்படிச் சொல்லவில்லை, என் மனைவி குழந்தைத் துணி காயப்போட்டாள் என்று எப்படிச் சொல்ல? உன்னிடம் சொல்கிறேன். நீ செய்த உதவிக்கு நன்றி.

ராமாமிர்தம்

---

பதுளை,
கார்த்திகை 5

புஷ்பத்தின் அப்பாவுக்கு,

கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் நீங்கள் எனக்கு நன்றி சொன்னது இதுதான் முதல் தடவை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். அவள் நம்பாமல் அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

குழாய்களை அப்பா தருகிறார். பன்னிரண்டு இருக்கின்றன. சில இடத்தில் துரு தின்றிருக்கிறது. கொல்லுப்பட்டறை ஜாபிர் நானா வந்து பார்த்தார். துரு பிடித்த இடத்தை வெட்டி, தகடு வைத்து ஆணியால் தறைந்து, ஒன்றோடொன்று பூட்டித் தருவதாகச் சொன்னார். "ராமாமிர்தத்துக்கு என்றால் நானே கூட வந்து பூட்டிக் கொடுப்பேன்" என்றார். கொழும்பில் இருவரும் ஒரே பட்டறையில் இருந்தீர்களாமே, நீங்கள் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆனால் மழையில் பாதை சரிந்து கிடக்கிறது. மாட்டுவண்டி போக மூன்று கிழமை, இருபது நாளாவது ஆகும் என்கிறார்கள். அதுவரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஜெயத்தின் திதி. அம்மா பால் வைத்தாள். நான் உங்களை நினைத்துக்கொண்டேன். வேறு ஒன்றும் இல்லை.

தனலெட்சுமி

---

சாரல்மலை,
1923 டிசம்பர் 3

தனம்,

சுருக்கமாக எழுதுகிறேன், சந்தோஷத்தில் கை ஓடவில்லை. சூட்டு ரூம்பு ஓடுகிறது! குழாய்க்குக் காத்திருக்கவில்லை. இஞ்சின் குழாயின் வாயை நேரே அறைக்குள் திருப்பிவிட்டேன். சூடு முழுதும் உள்ளேயே நிற்கிறது. நாலு நாளில் விறகு சலங்கை போலச் சத்தம் போடும் அளவுக்குக் காய்ந்துவிட்டது. இஞ்சின் ஒரு கிழமையாக நிற்கவேயில்லை. டீமேக்கர் ஐயா இன்று என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

அறுபது வீட்டுப் பரணும் காலி. நம் வீட்டுப் பரணை நானே இறக்கிக் கழுவிவிட்டேன். பூவம்மா வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு "கூரை இவ்வளவு உசரத்திலயா இருந்துச்சு?" என்றாள்.

குழாயைப் பற்றி இனிக் கவலையில்லை. மாமாவுக்கு வீண் சிரமம் வேண்டாம். பொங்கலுக்கு முன்னால் புறப்பட்டு வா.

ராமாமிர்தம்

---

சாரல்மலை,
1923 டிசம்பர் 9

தனம்,

இதை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை நல்ல மழை. பகல் பதினொரு மணி இருக்கும். பூவம்மா காட்டிலிருந்து விறகு கொண்டுவந்து போட்டாள். கம்பளி முழுக்க நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தாள் என்று மற்றப் பெண்கள் பிறகு சொன்னார்கள். சூட்டு ரூம்பின் கதவைத் திறந்து உள்ளே போய், விறகில் சாய்ந்து குளிர்காய உட்கார்ந்திருக்கிறாள். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

நான் விறகு எடுக்கப் போனபோது தலை சாய்ந்து கிடந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். முகம் சிவந்து, நல்ல சுகத்தோடு இருப்பவள் போல இருந்தாள். "பூவம்மா" என்று கூப்பிட்டேன். தோளைத் தொட்டேன். சரிந்துவிட்டாள்.

இழுத்து வெளியே மழையில் கிடத்தினேன். எனக்கே தலை சுற்றியது. பெண்கள் வாயில் அடித்துக்கொண்டு அழுதார்கள். தோட்டத்து மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஓடிவந்து கையை மேலும் கீழும் தூக்கி மூச்சு வரவைத்தார். எத்தனை நேரம் என்று தெரியாது. பிறகு வாந்தி எடுத்தாள். கண்ணைத் திறந்து "என் கம்பளி எங்க?" என்று கேட்டாள். நான் அங்கேயே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

இஞ்சின் விடும் புகையில் விஷம் உண்டு. கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. பட்டறையில் முதல் வருஷமே சொல்லிக்கொடுத்தார்கள். தேயிலை காயவைக்கும் அடுப்பில்கூடப் புகை குழாய்க்குள்ளேயே போய்விடும், சூடு மட்டும்தான் கொழுந்தைத் தொடும். தினமும் பார்க்கிறேன். குழாய் வரும்வரை பொறுக்கச் சொன்னாய். நீ பொங்கலுக்குள் வரவேண்டுமென்று நான் பொறுக்கவில்லை. என் அவசரத்தில் ஒரு பெண் செத்திருப்பாள். அவள் புருஷன் பொன்னையாவும் மூன்று பிள்ளைகளும் லயத்து வீட்டு வாசலில் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்கள்.

துரை அறையை இடிக்கச் சொல்லிவிட்டார். அடுத்த வாரம், 17ஆம் தேதி திங்கட்கிழமை, விறகை மறுபடி பரண்களுக்கு ஏற்ற உத்தரவு. என் வேலையைப் பற்றி அன்றைக்குச் சொல்வாராம்.

நீ வரவேண்டாம். அங்கேயே இரு.

ராமாமிர்தம்

---

பதுளை,
கார்த்திகை 28

புஷ்பத்தின் அப்பாவுக்கு,

பூவம்மாவைத் தனியாக விடாதீர்கள். தலைவலி நின்றதா, சாப்பிடுகிறாளா என்று தினமும் போய்க் கேளுங்கள். வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் என் பச்சைக் கம்பளிப் போர்வை இருக்கிறது, அதை அவளுக்குக் கொடுங்கள்.

உங்களை நான் திட்டப்போவதில்லை. நீங்களே திட்டிக்கொண்டாயிற்று.

பாதை திறந்துவிட்டார்கள். ஜாபிர் நானா நாளை விடியற்காலையில் குழாய்களோடு வண்டியில் புறப்படுகிறார். அறை இடிந்திருந்தால் அவரும் நீங்களும் சேர்ந்து திரும்பக் கட்டுங்கள். இடியாமல் இருந்தால் இந்தத் தடவை அவர் சொல்வதைக் கேளுங்கள்.

பூவம்மா பிழைத்ததற்கு மாரியம்மன் கோவிலில் விளக்குப் போட்டேன்.

தனலெட்சுமி

---

சாரல்மலை,
1924 ஜனவரி 6

பிரியமுள்ள தனம்,

நிறையச் சொல்ல வேண்டும். பொறுமையாகப் படி.

அந்தத் திங்கட்கிழமை காலையில் துரை அறையின் முன்னால் வந்து நின்றார். கடப்பாரையோடு நாலு ஆட்கள். நான் ஒரு பக்கம். அப்போது பூவம்மா வந்தாள். உன் பச்சைப் போர்வையைப் போர்த்திக்கொண்டு, பொன்னையாவின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். நேரே துரை முன்னால் போனாள். கங்காணி தடுக்கப் போனார். துரை விடச் சொன்னார்.

"தொர, குளிருக்கு உள்ள போய் உக்காந்தது நானு. யாரும் போகச் சொல்லல. இந்த ரூம்ப இடிச்சா அந்த ஈர வெறகு மறுபடி எங்க பரணுக்குத்தான வரும்? ரெண்டு வாரமா எங்க வீட்டுல பொக இல்ல. எம் புருசன் இருமாம படுத்தாரு. சோறாக்கையில எம் புள்ளைங்க மொகம் தெரியுது எனக்கு. ரெண்டு வருசமா தெரியல. டிரைவரய்யா செஞ்ச புண்ணியம் அது. இடிக்கணும்னா என்னையும் உள்ள வச்சு இடிங்க."

லிங்கம் முழுவதையும் இங்கிலீஷில் சொன்னார்.  துரை ஆட்களைக் கடப்பாரையைக் கீழே வைக்கச் சொன்னார். பிறகு என்னிடம், "பதினைந்து நாள். புகை வெளியே, சூடு உள்ளே. இன்னொரு ஆள் விழுந்தால் நீ இந்தத் தோட்டத்தில் இல்லை" என்றார்.

ஜாபிர் மறுநாளே வந்துவிட்டான். பன்னிரண்டு குழாயையும் தரையோடு இரண்டு வரிசையாகப் போட்டோம். இப்போது புகை அறைக்குள் வருவதேயில்லை, குழாய்க்குள்ளேயே போய்ச் சுவருக்கு வெளியே கூரைக்கு மேலே போகிறது. குழாய்கள் சேரும் ஒவ்வொரு பூட்டிலும் ஜாபிர் வெள்ளைத் துணியைச் சுற்றிக் கட்டினான். ஒரு நாள் இஞ்சினை ஓட்டிவிட்டு அவிழ்த்துப் பார்த்தால், எங்கே கரி படிந்திருக்கிறதோ அங்கே கசிவு. மூன்று பூட்டில் கரி. மறுபடி தறைந்து மறுபடி துணி கட்டினோம். ஆறாம் நாள் பன்னிரண்டு துணியும் வெள்ளையாகவே இருந்தன. பூவம்மா அவற்றை எடுத்துத் துவைத்து மடித்து வைத்தாள். மேலே ஈரம் போகச் சன்னல், கதவுக்குப் பூட்டு, சாவி என் இடுப்பில். இஞ்சின் ஓடும்போது யாரும் உள்ளே போகக்கூடாது. விறகு காய நாலு நாளுக்குப் பதில் ஒன்பது நாள் ஆகிறது. ஆகட்டும்.

பரண்கள் காலியாகவே இருக்கின்றன. மாமாவுக்கும் ஜாபிருக்கும் பூவம்மாவுக்கும் உனக்கும் நான் ஆயுசுக்கும் கடமைப்பட்டவன்.

இனி எழுதுவதுதான் கஷ்டம். "டிரைவரய்யா செஞ்ச புண்ணியம்" என்று அவள் சொன்னபோது எனக்குத் தரை பிளந்தால் உள்ளே போய்விடலாம் போல இருந்தது. ஏனென்றால் பரணில் விறகு ஏற்றியது துரையின் யோசனை அல்ல. என்னுடையது.

புது இஞ்சின் வந்த வருஷம் ஈர விறகால் மூன்று தடவை நின்று, துரை எல்லார் முன்னாலும் என்னை ஏசினார். அப்போது நான்தான் சொன்னேன், "ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கு மேலே பரண் இருக்கிறது, அதில் அடுக்கினால் சும்மாவே காயும்" என்று. துரை "நல்ல யோசனை" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. அறுபது வீட்டுக்கும் உத்தரவு போயிற்று. டிரைவர் வீட்டிலேயே அடுக்கியிருக்கிறான் என்று காட்ட நம் வீட்டில் முதலில் ஏற்றினேன். ஜெயம் இருமியபோது இறக்கிவிட்டால், யோசனை தப்பு என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதனால்தான் துரை உத்தரவு என்றேன். எல்லா வீட்டிலும்தான் இருக்கிறது என்றேன். எல்லா வீட்டிலும் இருந்ததே என்னால்தான்.

என் ஜெயத்தை நான்தான் புகைக்குள் வைத்திருந்தேன், தனம். உன்னிடம் பொய் சொன்னேன். எனக்கு வேறு சொல்லத் தெரியவில்லை.

ராமாமிர்தம்

---

சாரல்மலை,
1924 ஜனவரி 27

தனம்,

பொங்கல் போயிற்று. உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. தபால்காரரைப் பார்த்தாலே அவர் தலையை ஆட்டிவிடுகிறார்.

நீ எழுத வேண்டுமென்று கேட்க எனக்கு முகமில்லை. புஷ்பம் சுகமா என்று மட்டும் யாரையாவது ஒரு வரி எழுதச் சொல்.

ராமாமிர்தம்

---

பதுளை,
தை 24

புஷ்பத்தின் அப்பாவுக்கு,

புஷ்பம் சுகம். இரண்டு பல் முளைத்திருக்கிறது. சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

இந்த வாரம் பதுளைக்கு ரயில் வந்துவிட்டது. ஊரே ஸ்டேஷனில் கூடி நின்றது. அப்பா கடையைச் சாத்திவிட்டுப் பிள்ளைபோல ஓடினார். நான் புஷ்பத்தைத் தூக்கிக்கொண்டு போனேன். இஞ்சின் புகையைப் பார்த்ததும் உங்கள் கடிதம் நினைவுக்கு வந்து, கூட்டத்தைவிட்டு விலகி நின்றுகொண்டேன்.

நீங்கள் எழுதிய விஷயம் எனக்கு ஏற்கெனவே தெரியும். ஜெயத்தைப் புதைத்த மூன்றாம் நாள் கிளாக்கர் வீட்டு அம்மா துக்கம் கேட்க வந்தாள். "உன் புருஷன் சொல்லப்போய்த்தானே" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். எனக்கு முன்பே தெரியும் என்று அவள் நினைத்திருந்தாள். நீங்களாகச் சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். எட்டு மாதம் ஒரே வீட்டில் இருந்து காத்திருந்தேன். புஷ்பத்துக்கு இருமல் வந்ததும் என்னால் முடியவில்லை, வந்துவிட்டேன். விறகு இறங்கினால் வருகிறேன் என்றுதான் உங்களிடம் சொன்னேன். என்னிடமே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். விறகு இறங்கிவிட்டது என்று டிசம்பரில் எழுதினீர்களே, அன்றைக்கும் எனக்குப் புறப்படத் தோன்றவில்லை. நான் காத்திருந்தது விறகு இறங்குவதற்கு அல்ல, நீங்கள் வாய்திறந்து சொல்வதற்கு என்று அப்போதுதான் எனக்கே புரிந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு மூன்று நாள் சாப்பிடவில்லை. தெரிந்ததுதான், ஆனாலும் உங்கள் கையெழுத்தில் படித்தபோது ஜெயம் இன்னொரு தடவை போனதுபோல இருந்தது. கோபம் வந்தது, போனது, மறுபடி வந்தது. அதனால்தான் எழுதவில்லை. தண்டிப்பதற்காக அல்ல. எழுதினால் நல்ல வார்த்தை வராது என்று பயந்தேன்.

இப்போது எழுதுகிறேன். ஒளித்து வைத்தே நீங்கள் கிழவராகியிருக்கலாம். யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். சொன்னீர்கள். அதற்கு நான் நன்றி சொல்கிறேன், மனதாரச் சொல்கிறேன்.

ஒன்று மிச்சமிருக்கிறது. பூவம்மாவுக்கு இது தெரியாது. அவள் உயிரைப் பணயம் வைத்து உங்களுக்காகத் துரையிடம் பேசினாள். தெரியாமல் அவள் உங்களைப் புண்ணியவான் என்று சொல்லிக்கொண்டிருக்கும் இடத்தில் என்னால் குடியிருக்க முடியாது. அவளிடம் நீங்களே சொல்லுங்கள்.

தனலெட்சுமி

---

சாரல்மலை,
1924 பெப்ரவரி 16

தனம்,

சொல்லிவிட்டேன்.

மத்தியானம் விறகு இறக்க வந்தாள். கூடையை இறக்கி வைக்கும்வரை காத்திருந்து சொன்னேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "தொர சொன்னதுன்னுல்ல நெனச்சோம்" என்றாள். இல்லை, நான் சொல்லி துரை செய்தது என்றேன்.  அடிப்பாள் என்று நினைத்தேன், அடித்திருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படி? பொக எனக்கு மட்டுமா? நாளைக்குப் பெரட்டுல சொல்லுங்க" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலைப் பெரட்டில், ஆட்களை வேலைக்குப் பிரிக்கும்முன், கங்காணியிடம் கேட்டுக்கொண்டு முன்னால் நின்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. பின்னாலிருந்து ஒருவர் "சத்தமா சொல்லுங்க" என்றார். சத்தமாகச் சொன்னேன். ஜெயத்தைப் பற்றியும் சொன்னேன். யாரும் ஏசவில்லை. ஒரு கிழவர் மட்டும் காறித் துப்பிவிட்டுக் கொழுந்து மலைப் பக்கம் நடந்தார். அது எனக்கு வேண்டியதுதான். பொன்னையா என்னைப் பார்க்கவேயில்லை. இன்னும் பார்ப்பதில்லை.

நாலு நாள் பூவம்மா விறகைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போனாள். ஐந்தாம் நாள் கிட்டே வந்தாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கோவம் இருக்குங்க. இல்லன்னு சொல்ல மாட்டேன். இருக்கட்டும், அது எப்ப போகுமோ அப்ப போகட்டும். அதுக்காகச் சூட்டு ரூம்ப நிப்பாட்டிடாதீங்க. சாவிய யார்கிட்டயும் குடுத்துடாதீங்க. டிரைவரம்மா வந்தா எனக்குச் சொல்லி அனுப்புங்க, புள்ளயப் பாக்கணும்."

அவ்வளவுதான் சொன்னாள். அது எனக்குப் போதுமானதற்கு மேலே, தனம். எனக்கு வரவேண்டியதைவிட எல்லாரும் எனக்கு அதிகமாகவே கொடுத்துவிட்டார்கள்.

நீ வரவேண்டும் என்று இனி எழுதமாட்டேன். வீட்டில் புகை இல்லை என்று மட்டும் எழுதுகிறேன்.

ராமாமிர்தம்

---

பதுளை,
மாசி 11

ஜெயலெட்சுமியின், புஷ்பத்தின் அப்பாவுக்கு, தனலெட்சுமி அன்போடு எழுதிக்கொண்டது.

வருகிற வெள்ளிக்கிழமை காலை ரயிலில் புறப்படுகிறோம். அப்புத்தளையில் இறங்குவோம், நீங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிடுங்கள். அப்பா அதுவரை கூட வருகிறார், ரயிலில் ஏற அவருக்கும் ஒரு சாக்கு வேண்டுமே. அங்கிருந்து இறக்கத்தில் நடக்க வேண்டும். புஷ்பம் இப்போது கனத்துவிட்டாள், நீங்கள்தான் தூக்க வேண்டும். உங்களைப் பார்த்து முதலில் அழுவாள். மனசு விட்டுவிடாதீர்கள், இரண்டு நாளில் ஒட்டிக்கொள்வாள்.

பூவம்மாவுக்குச் சொல்லி அனுப்ப வேண்டாம், நானே லயத்துக்குப் போய் அவளைப் பார்ப்பேன். அவள் கோபம் அவளுடையது, நாம் அவசரப்படுத்தக்கூடாது. எனக்கும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. நான் சிலநாள் பேசாமல் இருந்தால் காரணம் கேட்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருங்கள், போதும்.

அம்மா முறுக்கு சுட்டுக் கட்டியிருக்கிறாள். ஜாபிர் நானா மழைக்குத் தகரக் கூரை ஒழுகினால் அடைக்க ஏதோ டப்பாவில் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு ஒரு சட்டை தைத்திருக்கிறேன். கை நீளம் ஞாபகத்தில்தான் வெட்டினேன், சரியாக இருக்கும்.

ஒரு விஷயம். ஸ்டேஷனிலிருந்து நேரே வீட்டுக்குப் போகவேண்டாம். ஃபேக்டரி மேட்டுக்குப் பின்னால் ஜெயத்தைப் புதைத்த இடத்துக்குப் போவோம். அவளைப் புதைத்த பிறகு நாம் இருவரும் சேர்ந்து அங்கே போனதேயில்லை. நான் தனியாகப் போவேன், நீங்கள் தனியாகப் போவீர்கள் என்று எனக்குத் தெரியும். வெள்ளிக்கிழமை சேர்ந்தே போவோம். தங்கச்சி வந்திருக்கிறாள் என்று அவளிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அப்புறம் போகலாம்.

உங்கள்,
தனம்